இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் அஞ்சு

வகுப்புத் தலைவிக்கு முதலில் ஒரு வேண்டுகோள். தினமும் காலை ஐந்தரை மணிக்கு நம் பள்ளிக்கூட வாட்ஸப் குரூப்பில் நீ போடுகிற அந்தக் குட்மார்னிங் படத்தைத் தயவுசெய்து நிறுத்து. ரோஜாப்பூ போடு, பிள்ளையார் போடு, ஆவி பறக்கிற காபி டம்ளர் போடு, நான் வாயே திறக்க மாட்டேன். ஒரு துளி விழுந்து, தண்ணீர் கிரீடம் மாதிரி எழும்பி நிற்கிறதே, அந்தப் படத்தை மட்டும் போடாதே. மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாயிற்று. போன வாரம் "இன்னொரு தடவை வந்தால் குரூப்பை விட்டே போய்விடுவேன்" என்று நான் எழுதியதும் ஆளாளுக்கு விசாரித்தீர்கள். ஒருத்தி எனக்குச் சர்க்கரை கூடிவிட்டதா என்று கேட்டாள். இன்னொருத்தி மருமகளோடு சண்டையா என்றாள். சர்க்கரையும் சரியாக இருக்கிறது, மருமகளும் சரியாக இருக்கிறாள். காரணம் வேறு. நீளமாகத்தான் இருக்கும், எல்லோரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படியுங்கள்.

தலைவி போடுகிற மாதிரியே ஒரு படத்தை நாங்கள் எங்கள் வீட்டில் எடுத்தோம். நாம் எட்டாவது முழுப்பரீட்சை எழுதி முடித்த கோடையில். எடுத்தவள் என் அக்கா. கயிற்றை இழுத்தவள் நான். கெடுத்தவளும் நான்.

அப்பாவைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். அவர் ஒரு காலத்தில் தறி நெய்தவர். பிறகு பட்டுக்கடை ஒன்றில் குற்றம் பார்க்கிற வேலைக்குப் போய்விட்டார். நெய்து வருகிற ஒவ்வொரு புடவையையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, இரண்டு கரையும் ஒரே அகலமா, உடலில் நெய்த புட்டாப் பூ சாய்ந்திருக்கிறதா, இழை எங்காவது விட்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் தலையை ஆட்டினால்தான் கடை அந்தப் புடவையை எடுக்கும். நெய்கிறவர்கள் எங்கள் வீட்டைக் கடக்கும்போது குரலைத் தணித்துக்கொள்வார்கள். அப்பா யாரையும் திட்டியது கிடையாது. குற்றத்தின் மேல் விரலை வைத்துவிட்டுச் சும்மா இருப்பார், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து புடவைகளை வீட்டுக்கே கொண்டுவருவார். அவருக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்துகொள்வேன். அவர் பார்க்காத குற்றத்தை நான் கண்டுபிடித்தால் தகர டப்பாவிலிருந்து ஒரு கமர்கட்டு. அக்காவுக்கு இந்த விளையாட்டில் அக்கறை கிடையாது. எனக்கோ வெறி. புடவை தீர்ந்துபோனால் கோலத்தில் பார்ப்பேன், இட்லியில் பார்ப்பேன், பக்கத்து வீட்டு அம்மாளின் இரண்டு காதுத் தோட்டில் பார்த்துச் சொல்லிவிட்டு அடி வாங்கியிருக்கிறேன். "இவ போற வீடு வெளங்கினாப் போலதான்" என்பாள் அம்மா.

அக்கா என்னைவிட ஐந்து வயது பெரியவள். அந்த வருஷம் பிளஸ் டூ எழுதியிருந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டுடியோவில் நெகட்டிவ் திருத்தப் போய்க்கொண்டிருந்தாள். பாஸ்போர்ட் சைஸ் படத்தில் அம்மைத் தழும்பை மறைப்பது, மாறுகண்ணைக் கொஞ்சம் நேராக்குவது, இதெல்லாம் சின்னத் தூரிகையால் செய்கிற வேலை. ஸ்டுடியோக்காரருக்குப் பார்வை மங்கிவிட்டது, அக்காவுக்குக் கை நடுங்காது. அவருடைய மனைவி கல்லாவில் உட்கார்ந்திருந்ததால் அம்மாவும் போகட்டும் என்று விட்டிருந்தாள்.

அங்கே ஒரு பழைய இங்கிலீஷ் பத்திரிகையில்தான் அக்கா அந்தப் படத்தைப் பார்த்தாள். துளி விழுந்து எழும்புகிற கிரீடம். இது எப்படி எடுப்பது என்று கேட்டதற்கு ஸ்டுடியோக்காரர், "அதுக்கெல்லாம் பாரின் மிஷினு வேணும்மா, நம்மளால ஆவாது" என்று சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆவாது என்று யாராவது சொல்லிவிட்டால் அக்காவுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

அதே சமயத்தில் இன்னொரு விஷயமும் நடந்தது. சென்னையில் புகைப்படம் சொல்லிக்கொடுக்கிற படிப்பு ஒன்று இருப்பதாகத் தெரிந்து, அக்கா எழுதிப்போட்டு விண்ணப்பம் வரவழைத்திருந்தாள். தானே எடுத்த படம் ஒன்றை இணைக்க வேண்டும், தகப்பனார் கையெழுத்து வேண்டும். பொம்பளைப் பிள்ளை காமிராவைத் தூக்கிக்கொண்டு பட்டணத்தில் திரிவதா என்று அம்மா அழுதாள். அப்பா அழவில்லை, கத்தவும் இல்லை. விண்ணப்பத்தை இரண்டு முறை படித்துவிட்டுச் சொன்னார்:

"குத்தம் இல்லாம ஒரு படம் கொண்டாம்மா. என் கண்ணுக்கு முன்னாடி வெய்யி. நான் கையெழுத்து போடறேன்."

அப்பா சொன்ன சொல் மாற மாட்டார் என்று எங்களுக்குத் தெரியும். அக்கா அன்றைக்கே வேலையை ஆரம்பித்துவிட்டாள்.

பின்னறையில் அப்பா நெய்த காலத்துக் குழித்தறியின் குழி, காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்கிற குழி, அப்படியே இருந்தது. தறியைப் பிரித்து விற்றாகிவிட்டது, குழியை என்ன செய்வது. அம்மா அதில் உடைந்த முறம், பழைய சாக்கு என்று எதையாவது போட்டு வைப்பாள். அக்கா அத்தனையையும் வாரி வெளியே போட்டுவிட்டுக் குழிக்குள் இறங்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தரை அவள் கண்ணுக்கு நேராக வந்தது. குழி விளிம்பில் ஒரு தட்டை வைத்தால் தண்ணீரும் காமிராவும் ஒரே மட்டம். "பாருடி, இதுக்குன்னே தோண்டி வெச்சாப் போல கீது" என்று சிரித்தாள்.

காமிரா ஸ்டுடியோக்காரர் தூக்கிப்போட இருந்தது. ஷட்டர் ஒழுங்காக வேலை செய்யாது, அமுக்கிப் பிடித்திருக்கும் வரை திறந்தே இருக்கும். அதுவே எங்களுக்குப் போதும் என்றாள் அக்கா. அறையை இருட்டாக்கிவிட்டு ஷட்டரைத் திறந்து வைத்துக்கொள்வது, சரியான நொடியில் ஃபிளாஷ் மட்டும் மின்னுவது, மூடிவிடுவது. இருட்டில் ஃபிலிம் சும்மா இருக்கும், மின்னினபோது மட்டும்தான் பார்க்கும். ஃபிளாஷும் ஓட்டை ஃபிளாஷ்தான், பிளாஸ்திரி சுற்றியது. அதைப் பொருளுக்கு மிக அருகில் வைத்தால் சீக்கிரம் அணைந்துவிடுகிறது, அதனால் துளி அசையாமல் பதியும் என்பதை அக்கா நாலு துண்டு ஃபிலிமைப் பாழாக்கிக் கண்டுபிடித்தாள்.

துளி விட, அம்மா டைபாய்டில் படுத்திருந்தபோது வாங்கின குளுக்கோஸ் பாட்டிலும் குழாயும். அதை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டோம். வெறும் தண்ணீர் படத்தில் சரியாகத் தெரியவில்லை. பால் கேட்டதற்கு அம்மா, "காப்பிக்கே தண்ணி ஊத்திகினு கீறேன், உங்க கூத்துக்குப் பாலு வேணுமா?" என்று விரட்டினாள். பாவு நூல் விறைப்பாக நிற்கப் போடுகிற அரிசிக் கஞ்சியை எதிர் வீட்டில் வாங்கி, துணியில் வடிகட்டி, தண்ணீர் விட்டு நீர்க்க வைத்தோம். பாலைவிட நன்றாக வெள்ளையாக இருந்தது. மத்தியானத்துக்குள் புளித்துவிடும். அந்த வாடை இப்போதும் எங்கேயாவது அடித்தால் எனக்குக் கயிறு பிடித்த விரல் வலிக்கிறது.

இனி அந்த நொடி. சைக்கிள் கடையில் ஒரு பேரிங் குண்டு வாங்கி வந்தாள். குழாயின் நுனியை ஒரு துணிக் கிளிப் கவ்வியிருக்கும். குண்டு அதே உயரத்தில் ஒரு சின்ன அட்டை மேல் உட்கார்ந்திருக்கும். ஒரே கயிற்றை இழுத்தால் கிளிப் லேசாக வாய் திறந்து ஒரு துளியை விடும், அட்டையும் நழுவிக் குண்டை விடும். இரண்டும் சேர்ந்தே விழும். துளி தட்டில் விழுந்து தெறிக்கும்போது குண்டு தட்டைத் தாண்டிக் குழிக்குள் போய், பிஸ்கட் டின்னில் வெட்டிய இரண்டு தகரத் துண்டுகளை ஒன்றாக அழுத்தும். அது சேர்ந்தால் ஃபிளாஷ் மின்னும். தகரம் உயரத்தில் இருந்தால் சீக்கிரம் மின்னும், தாழ்ந்தால் தாமதமாக மின்னும். அந்த உயரத்தை மயிரிழை மயிரிழையாக மாற்ற அக்கா என்ன வைத்தாள் தெரியுமா? தறியில் பூ விழுவதற்காக ஓட்டை போட்டு வைத்திருப்பார்களே அந்த டிசைன் அட்டைகள். பரணில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. தகரத்துக்கு அடியில் அவற்றை அடுக்கினாள். ஒரு அட்டையை உருவினால் ஒரு இமைப்பில் எத்தனையோ பங்கில் ஒரு பங்கு தாமதம். துளி தண்ணீரைத் தொடுவதற்கு முன்னால் எத்தனை அட்டை, அதில் பள்ளம் விழும்போது எத்தனை, விளிம்பு எழும்பும்போது எத்தனை என்று சுவரில் கரியால் எழுதிக்கொண்டே வந்தாள்.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. செய்து பார்த்திருந்தால் நீங்களும் என்னைப்போலவே இப்போது பல்லைக் கடிப்பீர்கள். அக்னி நட்சத்திரத்தில், ஜன்னலுக்கெல்லாம் கம்பளி கட்டி, ஃபேன் போட்டால் துளி ஆடும் என்று அதையும் நிறுத்திவிட்டு, இருட்டில் நான் கயிற்றோடு நிற்பேன். குழிக்குள்ளிருந்து "ம், இழு" என்று குரல் வரும். இழுப்பேன். கிளிப் திறக்காது. அடுத்த முறை திறந்து ஒரு துளிக்குப் பதில் அரை டம்ளர் கொட்டும். அதற்கு அடுத்த முறை எல்லாம் சரியாக நடக்கும், குண்டு மட்டும் தகரத்தில் படாமல் தெறித்து மூலைக்கு ஓடிவிடும். விளக்கைப் போட்டுத் தேட வேண்டும். ஒருநாள் ஒன்றரை மணி நேரம் தேடினோம். குண்டு அக்காவின் பாவாடை மடிப்பில் இருந்தது. கஞ்சிக்கு எறும்பு வரும். எறும்புக்குப் பல்லி வரும். நல்ல கிரீடம் எழும்புகிற நேரமாகப் பார்த்து அம்மா கம்பளியை விலக்கிக்கொண்டு, "சாப்ட்டுட்டுப் போய் கொட்டிக் கவுத்துங்கடி" என்று வெளிச்சத்தோடு உள்ளே வருவாள். கரண்ட் போனால் ஊரே திட்டும், நாங்கள் மட்டும் கை தட்டுவோம். ஃபிளாஷ் பாட்டரியில் ஓடும், இருட்டு இலவசம்.

ஃபிலிம் எப்போதும் துண்டுதான். பாஸ்போர்ட் படம் எடுத்த ரோலில் மிஞ்சுகிற நாலு, ஐந்து படத்துக்கான துண்டை ஸ்டுடியோக்காரர் வெட்டிக் கொடுப்பார். அக்கா மறுநாள் அங்கேயே கழுவி எடுத்து வருவாள். வெள்ளைத் தீற்றல், வெறும் தட்டு, பாதித் துளி, ஒருமுறை என் கட்டைவிரல். இப்படியே சித்திரை போய் வைகாசியும் பாதி போய்விட்டது. நான் அழுது அடம்பிடித்து இரண்டு தடவை வேலையை விட்டேன். இரண்டு தடவையும் அக்கா, "நீ இழுக்கறாப் போல பதமா யாரும் இழுக்க மாட்டாங்கடி" என்று சொல்லிச் சொல்லியே திரும்பக் கூட்டி வந்தாள்.

விண்ணப்பம் போய்ச் சேர வேண்டிய வெள்ளிக்கிழமைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அது கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை. அப்பா பாயில் புடவைகளை விரித்து உட்கார்ந்திருந்தார். அக்கா ஸ்டுடியோவிலிருந்து ஓடி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. முதுகுப் பக்கம் இன்னும் ஈரமாக இருந்த படத்தை அவரிடம் நீட்டினாள்.

அப்பா அதை ஜன்னலுக்கு நேரே பிடித்தார். கறுப்புப் பின்னணியில் வெள்ளை வெளேரென்று ஒரு கிரீடம். ஒவ்வொரு முனையிலும் ஒரு முத்து. முனையிலிருந்து பிரிந்த ஒரு முத்து ஆகாயத்தில் தனியாக நின்றது.

"இது நம்மூட்டுக் கஞ்சியாம்மா?" என்றார்.

"ஆமாப்பா."

"மிஷினு எதுவும் இல்லாம?"

"குண்டும் அட்டையும்தாம்பா."

அப்பா அம்மாவைக் கூப்பிட்டார். "இங்க வா, உன் பொண்ணு இன்னா பண்ணிக் கீறா பாரு" என்றார். அவர் குரல் அப்படி உடைந்து நான் அதுவரை கேட்டதில்லை. அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்துவிட்டு, "அய்ய, கல்யாணக் கிரீடமாட்டம் கீது" என்றாள். அப்பா, "அந்தக் காகிதத்தக் கொண்டாம்மா" என்று சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திருகினார்.

அப்போது நான் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது என் வாயில் ஒரு பிடி அவலைத் திணித்திருக்கக் கூடாதா? நான் கிரீடத்தின் முனைகளை எண்ணினேன். எண்ணாமல் எனக்குப் பார்க்கத் தெரியாது.

"அப்பா, குத்தம்! இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் அஞ்சு!"

அப்பா படத்தை மறுபடியும் வெளிச்சத்தில் பிடித்தார். நடுவில் கட்டைவிரல் நகத்தை வைத்து, ஒரு பக்கம் எண்ணினார், மறுபக்கம் எண்ணினார். பேனாவின் மூடியைப் போட்டார். பிறகு, பழக்கம் பாருங்கள், கை தானாகத் தகர டப்பாவுக்குப் போய் ஒரு கமர்கட்டை எடுத்து என்னிடம் கொடுத்தது. நான் அதை வாயில் போட்டுக்கொண்டேன். அவர்கள் இருவரும் பேசி முடிக்கிற வரை மென்றுகொண்டே நின்றேன்.

"தண்ணி அப்டித்தாம்பா தெறிக்கும்" என்றாள் அக்கா.

"இல்லம்மா. நெய்யறவனுக்குக் கை தப்பும், ஒத்துக்கறேன். தண்ணிக்கு ஏது கை? ஒழுங்கா வுழுந்தா ஒழுங்காத்தான் தெறிக்கணும். ஒரு பக்கம் கொறையுதுன்னா உன் தட்டு சாஞ்சிகினு கீது. அத்த சரி பண்ணு. இவ்ளோ தூரம் வந்துட்ட, இத்த வுட்டுடாத."

சொல்லுங்கள், இதில் எங்கே கெட்ட எண்ணம் இருக்கிறது? பெண்ணைத் தடுக்க வேண்டும் என்று சாக்குத் தேடினவராக இருந்தால் எனக்கு இன்றைக்குக் கோபப்பட ஓர் ஆள் கிடைத்திருப்பார். அவர் மனசாரச் சொன்னார். அதைவிடக் கொடுமை, அக்கா அதை நம்பினாள். எங்கள் தெருவில் பிறந்த யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். வலது கரை மாதிரி இடது கரை, இந்த மயிலைப் பார்த்து அந்த மயில். இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லாத ஒன்றை நல்லது என்று சொல்ல எங்களில் யாருக்குமே தெரியாது.

மறுநாள் கொத்தனாரிடம் ரசமட்டம் கடன் வாங்கி வந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அப்பாதான். கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தட்டுக்கு அடியில் காகிதம் மடித்து மடித்து வைத்து மட்டம் பார்த்தார். கயிற்றை மெதுவாக இழு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர் இருக்கிறார் என்பதால் அம்மாவும் உள்ளே வரவில்லை. வேலை இதற்கு முன் இவ்வளவு சுத்தமாக நடந்ததே கிடையாது. பத்தில் நாலு கிரீடமாக வந்தது. எட்டுக்கு ஆறு. ஒன்பதுக்கு ஐந்து. ஆறுக்கு எட்டு. ஒவ்வொரு படத்தையும் அப்பா நகத்தை வைத்து எண்ணிவிட்டு, தண்ணீரைத்தான் முறைத்தார். முதல் படத்தையே அனுப்பிவிடலாமா என்று அக்கா ஒரே ஒரு தடவை கேட்டாள். "குத்தம் தெரிஞ்சி எப்டிம்மா வெளியில வுடறது?" என்றார்.

கெடுவுக்கு முந்தின வியாழக்கிழமை ஏழுக்கு ஆறு வந்தது. அப்பா அக்காவின் தலையில் கையை வைத்து, "கிட்ட வந்துட்டம்மா. ஒரே ஒண்ணுதான். அடுத்த வருசம் போட்டுக்கலாம்" என்றார்.

அடுத்த வருஷம் எங்கே வந்தது. ஆவணியில் செய்யாறிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல இடம், மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா. நிச்சயமான பெண் ஸ்டுடியோவுக்குப் போவது அழகில்லை என்று அம்மா நிறுத்திவிட்டாள். நெகட்டிவ் எல்லாம் அங்கேயே தங்கிவிட்டது. அந்த ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறார்கள். நான் விசாரித்துப் பார்த்துவிட்டேன்.

தையில் கல்யாணம். அதற்குப் பத்து நாள் முன்னால் அப்பா ஒரு புடவையோடு வந்தார். நாவல்பழ நிறம். யாரையும் தொடவிடாமல் தானே பிரித்தார். உடல் முழுக்கச் சரிகையில் சின்னச் சின்னக் கிரீடம். ஒவ்வொரு முனையிலும் ஒரு முத்து.

"உன் படந்தாம்மா" என்றார். "டிசைன் போடறவர் கைல குடுத்து, நானே பக்கத்துல ஒக்காந்துகினு கட்டம் போட வெச்சேன். புட்டாவுக்கு முழுசும் தேவையில்ல. ஏழு இருக்கற பக்கத்த மட்டும் வெட்டிக் குடுத்தேன். திருப்பிப் போட்டா மறுபாதி. எண்ணிப் பாரு. ஏழும் ஏழும்."

படத்தை வெட்டிவிட்டார். ஐந்து முனை இருந்த பாதி எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நான் வழக்கம்போலக் குனிந்து எண்ணிவிட்டு, "குத்தமே இல்லப்பா" என்று உரக்கச் சொன்னேன். அக்கா புடவையை மடியில் வைத்துக்கொண்டு, "நல்லா கீதுப்பா" என்றாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்து அப்பாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகள் பூரித்துப்போய்விட்டாள் என்று சாகிற வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தார். எனக்கு அதை நினைத்தால் அவர் மேல் பாவமாகவும் வருகிறது, போட்டோவில் இருக்கிற அவரைப் பிடித்து உலுக்கலாம் போலவும் வருகிறது.

அதன் பிறகு அக்கா காமிராவைத் தொடவில்லை. நானும் அவளும் அந்தக் கோடையைப் பற்றிப் பேசியதும் இல்லை. நான் என்ன வாயைத் திறந்து கேட்பது? "கமர்கட்டுக்காக உன் சென்னையைத் தின்னுட்டேன்" என்றா?

இப்போது போன மாதத்துக்கு வருகிறேன். அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம் என்று செய்யாறு போயிருந்தேன். அந்தப் பெண் அங்கே ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள், கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறாள், செல்போனில் தெரியாதது இல்லை. காலையில் வகுப்புத் தலைவியின் குட்மார்னிங் வந்தது. சும்மா இருக்காமல் அதைப் பெரிதாக்கி எண்ணினேன். ஏழும் ஏழும். அப்பா தேடினது இதோ இருக்கிறதே என்று மறுபடியும் மறுபடியும் எண்ணினேன். யாரோ ஒருவனுக்குக் கிடைத்திருக்கிறது, எங்களுக்குத்தான் கிடைக்கவில்லை. அந்தப் பெண்ணிடம் காட்டினேன். அவள் ஒரு பார்வை பார்த்தாள்.

"சித்தி, இது பாதிய எடுத்து அப்டியே திருப்பி ஒட்டனது. பாருங்க, இந்தப் பக்கம் இருக்கற புள்ளிகூட அந்தப் பக்கம் அதே எடத்துல கீது. நெஜத் தண்ணி எங்கியாச்சும் இப்டி வருமா?"

குழாயடிக்குக் கூட்டிப்போய், ஒரு கிண்ணத்தில் பாலை வைத்து, அதில் சொட்டுச் சொட்டாக விட்டு, போனில் மெதுவாக ஓடுகிற படமாக எடுத்துக் காட்டினாள். ஐந்து நிமிஷ வேலை. ஏழெட்டுக் கிரீடம் எழும்பி விழுந்தது. ஒன்றுகூட இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லை. அக்கா அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். "பாலு வீணாப் போவுது" என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்கு மத்தியானம் அந்தப் பெண், நிச்சயதார்த்தத்துக்கு அம்மாவின் கல்யாணப் புடவையையே கட்டிக்கொள்கிறேன் என்று பீரோவைத் திறந்து அதை எடுத்துக் கட்டிலில் விரித்தாள். விரித்தவள், "ஐயோ, அம்மா! டேமேஜ்!" என்று கத்தினாள். "சித்தி, பாருங்களேன், சரிகை போயிடிச்சி. எல்லாப் பூவுலயும் ஒரே பக்கமாப் போயிருக்குது. பூச்சி அரிச்சிதா?"

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கமாகத் தூக்கிப் பிடித்தேன். பூச்சி இப்படி வரிசையாக அரிக்காது. ஒவ்வொரு கிரீடத்திலும் வலது பக்கம் இரண்டு முனைகளின் சரிகையை மட்டும், பட்டு நூல் ஒன்றுகூட அறுபடாமல், ஊசியால் ஒவ்வொரு இழையாக எடுத்திருந்தது. முந்தானை முழுக்க எடுத்திருந்தது. உடலிலும் வரிசை வரிசையாக எடுத்திருந்தது. எத்தனை மத்தியானங்கள், எத்தனை வருஷம் என்று எனக்குக் கணக்கு வரவில்லை. நெகட்டிவில் மாறுகண்ணை நேராக்கின கை. நடுங்காத கை.

அக்கா வாசற்படியில் நின்றாள்.

"இது டேமேஜ் இல்லடி" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "எண்ணிட்டேன். இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் அஞ்சு. சரியா கீது. இதையே கட்டிக்கோ."

"இன்னா சித்தி சொல்றீங்க? ஒண்ணும் புரியல."

"உங்க அம்மாவக் கேளு."

அக்கா கேட்க விடவில்லை. உள்ளே வந்து, புடவையின் உள்பக்க ஓரத்தை என் கையிலிருந்து வாங்கி, இடுப்பில் செருகுகிற இடத்தில் இருந்த கடைசிக் கிரீடத்தைத் தேடி எடுத்துக் காட்டினாள். அதில் ஒரு முனைதான் போயிருந்தது. ஏழுக்கு ஆறு.

"அதுக்குள்ள கண்ணு மங்கிப் போச்சி" என்றாள்.

"அக்கா, நான் அன்னிக்கு வாய வெச்சிகினு சும்மா..."

"சும்மா எப்டி இருப்ப? நீ எண்ணனது சரிதானே. அத்தக் குத்தம்னு அப்பாதான் தப்பாப் பாத்தாரு. நானுந்தான்."

வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி என் கையில் வைத்தாள். "ஒண்ணு பாக்கி கீது. உனுக்குத்தான் நல்லாக் கண்ணு தெரியுமே, எடு" என்றாள்.

ஜன்னலோரமாக உட்கார்ந்து எடுத்தேன். எடுத்து முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. முடிகிற வரை அக்கா புடவையைச் சுருக்கம் விழாமல் எனக்காகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.